ஊமையாகிப் போன பெட்டி

சென்னைவாசியின் பிராணன் அவனுடைய காதில் இருக்கிறதென்று சொன்னால் அது அதிகப்படியாகாது. மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் ஒரே நாளில் மூன்று சபைகளுக்குப் போய்த் திரும்புவார். மூன்றாவது சபையின் காண்டீனில் உட்கார்ந்து முதல் சபையின் தோடியைப் பற்றித் தர்க்கம் செய்வார். இந்த ஊரில்தான் 1924-ஆம் வருஷத்தில் ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பை ஏற்படுத்தி, ஆகாய மார்க்கமாகப் பாட்டையும் பேச்சையும் அனுப்பத் தொடங்கினார்கள். பணமுடையால் அந்த முயற்சி 1927-ல் ஓய்ந்தது. 1930-ல் நகரசபையார் அதை மேற்கொண்டார்கள். 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் பிறந்தது.

அன்று கூடத்து மேஜைமேல் ரேடியோப் பெட்டி இருந்த இடத்தில் இன்று அநேக வீடுகளில் மடிக்கணினி உட்கார்ந்திருக்கிறது. 2020-ஆம் வருஷத்து மார்கழியில் மியூசிக் அகாதெமியின் கச்சேரிகளே இணையத்தின் வழியாகத்தான் வீடு தேடி வந்தன. அதே வருஷத்தில் பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடந்தன. குழந்தைகளுக்கு உபாத்தியாயரின் முகத்தைவிட அவருடைய குரல்தான் பாடமாயிற்று. முகம் மங்கினால் பாடம் நடக்கும். குரல் நின்றால் பாடமும் நின்றது. ஆகையால் மடிக்கணினியின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடுவது விளையாட்டுச் சங்கதி அன்று.

இதை இந்த வாரம் பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு 'விண்டோஸ் 10' என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் இலவசமாக அளித்து வந்த பராமரிப்பு பொதுவாக முடிவுற்றது. அதற்கு அடுத்ததான 'விண்டோஸ் 11', சற்றுப் பழைய கணினிகளை வாசற்படியிலேயே நிறுத்தி, "உனக்கு வயதாகிவிட்டது" என்று திருப்பியனுப்பி விடுகிறது. யந்திரம் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது! ஓடுகிற யந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட மனமில்லாத குடும்பஸ்தர்கள் பலர், 'லினக்ஸ்' என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அதில் ஏற்றிப் பார்க்கிறார்கள். படம் வருகிறது, எழுத்து வருகிறது, இணையம் வருகிறது. சப்தம் மட்டும் சிலருக்கு வருவதில்லை.

உடனே மூன்று தீர்ப்புகள் கிடைக்கும். பழுது பார்க்கும் கடைக்காரர், "ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார். அத்தை பிள்ளை, "லினக்ஸ் என்றாலே இப்படித்தான், பேசாமல் விண்டோஸையே காப்பி அடித்துப் போட்டுத் தருகிறேன்" என்பான். வீட்டுப் பெரியவர், "இனாமாக வந்த வஸ்துவுக்கு வாய் வேறு வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரில் ஆழ்ந்துவிடுவார். இந்த மூன்று தீர்ப்புகளும் பெரும்பாலும் பிழையானவை என்பதே நம்முடைய வாதம். முதலாவது வீண் செலவு. இரண்டாவது திருட்டுச் சரக்கு. மூன்றாவது வெறும் சோம்பல்.

லினக்ஸ் இனாமாக வந்தது உண்மையே. ஆனால் அது பிச்சையாக வந்ததன்று. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், ஒரு மென்பொருளை வாங்கியவன் அதன் உள்ளே பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை பெறவேண்டுமென்று 'க்னூ' இயக்கத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவை எழுதி உலகத்தார் முன் வைத்தார். அதுமுதல் எத்தனையோ தேசத்தார் அதைச் செப்பனிட்டு வருகிறார்கள். நம் தேசத்தின் ஸர்க்கார் ஸ்தாபனமான ஸி-டாக்கின் சென்னை நிலையத்தார் 2007-ல் 'பாஸ்' என்னும் பாரத இயங்குதளத்தை வெளியிட்டார்கள். அதுவும் லினக்ஸ் குலந்தான். 2011-ல் தமிழ்நாட்டு ஸர்க்கார் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸையும் வைத்துக் கொடுத்தார்கள். அத்திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் 50 இலட்சத்துக்கும் மேல். ஆகவே இந்த வஸ்து நமக்குப் புதிதன்று. திறந்து பார்க்காத பரண் சாமானாகப் பல வீடுகளில் இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

நிற்க. சப்தம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே நின்றதென்று தெரியும். சென்னையில் குடியிருப்போருக்கு இதை விளக்குவது எளிது. குழாயில் தண்ணீர் வராத அனுபவம் நமக்கெல்லாம் நிறைய உண்டல்லவா? வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வரும் தண்ணீர், தெருக் குழாய்க்கு வந்து, வீட்டுத் தரைத்தொட்டியில் விழுந்து, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, பல வால்வுகளைத் தாண்டிச் சமையலறைக் குழாய்க்கு வருகிறது. நடுவில் ஒரு வால்வு மூடியிருந்தாலும் குழாயில் காற்றுதான் வரும். அதற்காகக் குழாயைப் பெயர்த்துப் புதுக் குழாய் வைக்கும் புத்திசாலி யாராவது உண்டா?

சப்தமும் அப்படியே. பாட்டு, கணினிக்குள் எண்களின் வரிசையாக இருக்கிறது. விநாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள். பாடும் செயலி அவற்றை 'பைப்வயர்' என்னும் விநியோக சாலைக்குக் கொடுக்கிறது. சற்றுப் பழைய கணினிகளில் இந்த உத்தியோகத்தைப் 'பல்ஸ் ஆடியோ' பார்த்து வருகிறது. அது, இன்ன சப்தம் இன்ன வாயிலுக்கு என்று பிரித்து, 'அல்ஸா' என்னும் அடிநிலை அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. அல்ஸாவை 1998-ல் செக் தேசத்தவரான யாரோஸ்லாவ் கிஸெலா தொடங்கினார். 2003 முதல் அது லினக்ஸ் கருவின் அங்கமாகவே இருந்து வருகிறது. அல்ஸா, ஒலிச் சில்லிடம் எண்களைத் தள்ளுகிறது. சில்லு எண்களை மின்சார அலையாக மாற்றுகிறது. பெருக்கி அந்த அலைக்குப் பலம் ஏற்றுகிறது. கடைசியில் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் காந்தத்தின் நடுவே அதிர்ந்து, மெல்லிய சவ்வை ஆட்டி, காற்றைப் பேச வைக்கிறது. இத்தனை கை மாறி வரும் பொருள் வழியில் எங்கே தங்கிற்று என்று, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதல் பரீட்சை, ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்பது. லினக்ஸைப் பென் டிரைவில் எழுதி, கணினியில் எதையும் அழிக்காமல், அந்தப் பென் டிரைவிலிருந்தே அதை இயக்கிப் பார்க்கலாம். அப்படி இயக்கியபோது பாட்டுக் கேட்டால் ஸ்பீக்கருக்கு ஒரு குறையும் இல்லை. கணினியில் பதிந்திருக்கும் அமைப்பில்தான் கோளாறு. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியாயின் மற்றதில் நுழைந்து பார்க்கலாம். எதிலும் சப்தமில்லை, காதில் மாட்டும் ஹெட்போனில் மட்டும் வருகிறது என்றால், அப்பொழுது ஸ்பீக்கரையோ அதற்குப் போகும் கம்பியையோ சந்தேகிப்பது நியாயம். இந்தப் பரீட்சைக்குக் கால் மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் ஸ்பீக்கரை மாற்றச் சம்மதிப்பது, நாடி பார்க்காத வைத்தியருக்குக் கையை நீட்டுவது போலாகும்.

இரண்டாவது, சப்தம் வேறு வாயிலுக்குப் போய்விட்டதா என்பது. கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் 'எச்.டி.எம்.ஐ.' துவாரமும் சப்தத்துக்கு ஒரு வாயில்தான். தொலைக்காட்சியில் படம் பார்த்துவிட்டு இணைப்பைப் பிடுங்கிய பிறகும், இயங்குதளம் அந்தத் திசையிலேயே பாடிக்கொண்டிருக்கலாம். அமைப்புகளில் ஒலிப் பகுதியைத் திறந்து, வெளியீடு என்ற இடத்தில் உள்-ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். நூறு வைத்தியம் செய்து பார்த்த வீடுகளில் இந்த ஒரு சொடுக்கில் ரோகம் தீர்ந்ததும் உண்டு.

மூன்றாவதுதான் மூடிய வால்வு. முனையத்தில் 'அல்ஸாமிக்ஸர்' என்று ஒரே சொல்லாக, சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் தட்டினால், திரையில் தெர்மாமீட்டர்போல் பல தூண்கள் தோன்றும். ஒரே ஒரு தூண்தான் தோன்றிற்று என்றால், அது விநியோக சாலையின் தோற்றம். 'எஃப் 6' என்னும் விசையை அழுத்தி உண்மையான ஒலிச் சில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தூணின் அடியிலும் இரண்டு எழுத்துக்கள் இருக்கும். இரண்டு 'எம்' இருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறதென்று அர்த்தம். இரண்டு பூஜ்யம் இருந்தால் திறந்திருக்கிறதென்று அர்த்தம். அந்தத் தூணில் நின்று 'எம்' விசையை ஒருமுறை தட்டினால் கட்டு அவிழும். மேல் நோக்கும் அம்பு விசை அளவை உயர்த்தும். மாஸ்டர், ஸ்பீக்கர், பி.ஸி.எம். ஆகிய மூன்று தூண்களையும் பார்ப்பது அவசியம். மாஸ்டர் மட்டும் உச்சியில் நின்று ஸ்பீக்கர் அடியில் கிடந்தால், மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தும் சமையலறையில் சொட்டுத் தண்ணீர் இராது!

அதே திரையின் வலக் கோடியில் 'ஆட்டோ மியூட்' என்று ஒன்று சில கணினிகளில் உண்டு. ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானே நிறுத்தும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான்; ஆனால் ஹெட்போன் இல்லாதபோதும் இருப்பதாக யந்திரம் பிரமை கொண்டுவிட்டால் ஸ்பீக்கர் ஊமையாகும். இந்தப் பிரமைக்குப் பல சமயம் காரணம் செருகு துவாரத்தில் சேர்ந்த தூசியும், உப்பு ஏறிய ஈரக்காற்றில் பாசி பிடித்த உலோகத் தகடும். சாந்தோம், பெஸன்ட் நகர், அடையாறு முதலிய கடலோரப் பகுதிகளில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறதென்று பார்ப்பவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. கணினியை அணைத்துவிட்டு, ஹெட்போன் முனையை நாலைந்து தடவை மெல்லச் செருகி எடுத்தால் தகடு தன் நிலைக்குத் திரும்பலாம். திரும்பாவிட்டால் ஆட்டோ மியூட்டை நிறுத்திவிடலாம். அதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

நான்காவது, சில்லையே இயங்குதளம் அடையாளம் கண்டுகொள்ளாதிருத்தல். ஒலிப் பகுதியில் ஸ்பீக்கர் என்ற பெயருக்குப் பதிலாக 'டம்மி அவுட்புட்' என்று காணப்பட்டால், "உண்மையான வாயில் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை, பொம்மை வாயில் ஒன்று வைத்திருக்கிறேன்" என்று அது ஒப்புக்கொள்கிறதென்று பொருள். விநியோக சாலை மயங்கி விழுந்திருந்தாலும் இப்படி வரும். கணினியை ஒருமுறை மூடித் திறந்தால் தெளியும். தெளியவில்லையென்றால், புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றின் ஒலிப் பகுதிக்கு 'ஃபர்ம்வேர்' என்னும் சிறு உள்-மென்பொருள் தேவை. அது இல்லாத குறையாக இருக்கக்கூடும். பாஸ் முதலிய பல இயங்குதளங்களுக்குத் தாய்வீடான 'டெபியன்' ஸ்தாபனத்தார், கட்டற்றவை அல்லாத இத்தகைய சரக்கைத் தங்கள் நிறுவல் தட்டில் வெகு காலம் சேர்க்காமல் இருந்தார்கள். 2022-ல் அங்கத்தினரிடையே வாக்கெடுத்து, 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்பு முதல் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கொள்கைக்கும் குடும்ப சௌகரியத்துக்கும் நடந்த வழக்கு ஒன்று இப்படி வாக்கினால் தீர்ந்தது. ஆகையால் புதிய கணினியில் பழைய பதிப்பை ஏற்றி அவஸ்தைப்படுவதில் அர்த்தமில்லை. கூடியமட்டும் புதிய பதிப்பையே ஏற்ற வேண்டும்.

ஐந்தாவது, இரண்டு இயங்குதளங்கள் ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் செய்யும் வீடுகளுக்கு உரியது. விண்டோஸிலிருந்து நேரே லினக்ஸுக்கு மாறினால், முன்னவர் சில்லை விட்டுப்போன நிலை பின்னவருக்குப் புரியாமல் போவது உண்டு. கணினியை முழுவதும் அணைத்து, சிறிது பொறுத்து, மறுபடி முடுக்கினால் சரியாகும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற ஏற்பாட்டை நிறுத்திவிட்டால் தினந்தோறும் இந்த உபத்திரவம் இராது.

இத்தனைக்கும் அடங்காத ரோகமும் உண்டு என்பதை மறைப்பது நியாயமன்று. ஒலிச் சில்லுக்குப் பல கால்கள் இருக்கின்றன. எந்தக் கால் ஸ்பீக்கருக்கு, எந்தக் கால் ஹெட்போனுக்கு என்பதைக் கணினி செய்யும் கம்பெனி ஒவ்வொரு மாதிரிக்கும் ஒவ்வொரு விதமாகக் கோத்துவிடுகிறது. அந்தக் கோப்பு ரகசியத்தை ஓர் இயங்குதளத்தாரின் காதில் ஓதிவிட்டு, மற்றவர்கள் எக்கேடு கெட்டால் என்ன என்று சில கம்பெனிகள் இருந்துவிடுகின்றன. புதிய கணினிகள் சிலவற்றின் பெருக்கிக்கும் தனியே மந்திரோபதேசம் வேண்டியிருக்கிறது. இத்தகைய கணினிகளில் சப்தம் வரச் சில மாதங்கள் காத்திருக்கவும் நேரிடும்.

ஆனால் இங்கேதான் கட்டற்ற மென்பொருளின் பெருமை விளங்குகிறது. லினக்ஸ் கருவுக்குள் ஒரு நீண்ட ஜாபிதா இருக்கிறது. "இன்ன கம்பெனியின் இன்ன மாதிரிக் கணினியில் ஸ்பீக்கர் இன்ன காலில் இருக்கிறது, கம்பெனிக்காரர் சொல்லுவதை நம்பாதே" என்கிற பாவனையில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் அதில் அடங்கியுள்ளன. ஜெர்மனியின் ஸுஸெ ஸ்தாபனத்தைச் சேர்ந்த டகாஷி இவாய் என்னும் ஜப்பானியர் இந்தப் பகுதியைப் பல வருஷங்களாகப் பராமரித்து வருகிறார். அந்த ஜாபிதாவின் வரிகளில் அநேகம், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் தம் கணினி ஊமையாயிற்றே என்று தலையில் கை வைத்துக் கொள்ளாமல், விவரங்களைத் திரட்டி எழுதியதால் பிறந்தவை. 'அல்ஸா-இன்ஃபோ' என்னும் சிறு நிரல் அந்த விவரங்களைத் தானே திரட்டித் தருகிறது. மாம்பலத்தில் ஒருவர் தம் கணினிக்காக அனுப்பும் விவரத்தால், அதே மாதிரிக் கணினி வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து மாணவிக்கும் மலாய் நாட்டுத் தோட்டக்காட்டுப் பிள்ளைக்கும் அடுத்த பதிப்பில் சப்தம் வரும். தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1929-ல் அகில பாரத சர்க்கா சங்கத்தார் மகாத்மாவின் விருப்பப்படி புதிய ராட்டினம் ஒன்றுக்கு 1 இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அது குடிசையில் ஓட வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. உரிய காலத்தில் பராமரித்தால் 20 வருஷம் உழைக்க வேண்டும். பழுது பார்க்கும் செலவு அற்பமாயிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார்கள். பரிசை ஒருவரும் பெறவில்லை. ஆனாலும் அந்த நிபந்தனைகளில் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. நூல் எத்தனை சிட்டம் என்பதோடு நில்லாமல், கெட்டுப்போனால் ஏழை என்ன செய்வான் என்றும் அவர்கள் கேட்டார்கள். சுதேசி என்பது நம் ஊரில் செய்த சரக்கு என்பது மட்டுமன்று. நம் வீட்டுக் கருவி நமக்குக் கட்டுப்படுவது என்பதும் ஆகும். லினக்ஸ் பின்லாந்தில் பிறந்ததுதான்; ஆயினும் அதைத் திறந்து பார்க்கும் உரிமை மந்தைவெளியில் இருப்பவருக்கும் ஹெல்ஸிங்கியில் இருப்பவருக்கும் ஒன்றே. காப்பி அடித்த விண்டோஸில் அந்த உரிமை இல்லை. மனச்சாட்சியின் சுகமும் இல்லை. குழந்தைகளுக்குப் பிறர் பொருளை எடுக்காதே என்று போதித்துவிட்டு, அவர்கள் பாடம் படிக்கும் பெட்டியில் களவுச் சரக்கை ஏற்றிக் கொடுப்பது எந்த நீதி?

வாசகர்களுக்கு முடிவாக இரண்டொரு யோசனைகள். புதிதாகக் கணினி வாங்குவோர், ரிச்சி தெருவானாலும் உஸ்மான் ரோடானாலும், லினக்ஸ் எழுதிய பென் டிரைவ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிற நமக்கு இதில் கூச்சம் என்ன? ஏற்கனவே உள்ள கணினி எதற்கும் மசியாவிட்டால், சில நூறு ரூபாயில் யு.எஸ்.பி. ஒலிக் கருவி ஒன்று வாங்கிச் செருகலாம். பொது விதிக்குட்பட்டுச் செய்யப்படுவதால் அது பெரும்பாலும் செருகியவுடனே பேசும். பிள்ளையின் பாடமும் நிற்காது. ஜாபிதாவில் திருத்தம் வரும்வரை பொறுத்திருக்கவும் முடியும். தமிழிலேயே இவற்றைக் கற்க விரும்புவோருக்கு 2012-ல் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழின் கட்டுரைகள் இருக்கின்றன. சென்னை லினக்ஸ் அன்பர்கள் பல வருஷங்கள் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடி, கேட்டவர்க்கெல்லாம் கைம்மாறு கருதாமல் சொல்லிக் கொடுத்து ஏற்படுத்திய வழக்கமும் இந்த ஊரில் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலையை வீட்டுப் பெரியவர்கள் தனியே செய்து முடித்துவிடாமல், பிள்ளைகளையும் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்ய வேண்டுமென்பது நம் விண்ணப்பம். எண்கள் எப்படி அலையாயின, அலை எப்படிக் காற்றாயிற்று, எந்த வால்வு மூடியிருந்தது என்று ஒரு மாலையில் கண்டுபிடிக்கும் குழந்தை, பௌதிக சாஸ்திரத்தில் ஓர் அத்தியாயத்தைக் கையால் தொட்டுப் படித்ததாகும். அதைவிட முக்கியமாக, கெட்டுப்போன வஸ்துவைக் கண்டால் பயப்படாமல் காரணம் தேடும் குணம் அதற்குப் படியும். ஸ்வராஜ்யம் பெற்ற தேசத்தின் பிரஜைக்கு வேண்டிய குணங்களுள் அது முதன்மையானது. பெட்டி மறுபடி பேசத் தொடங்கியதும் முதலில் எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் வீட்டில் சண்டை வந்தால், அதைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையதன்று!